உறைந்த நிமிடங்கள்

ஏழு சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினியத்தை உருக்கி, ஒரே லேடிலிலிருந்து இரண்டு அச்சுகளில் ஊற்றிப் பாருங்கள். ஒன்று மணல் அச்சு. மற்றது கனத்த இரும்பு அச்சு. ஆறிய பிறகு இரண்டிலும் ஒரு துண்டு அறுத்து, எமரித் தாளில் சொரசொரப்பானதில் தொடங்கி நைசானது வரை வரிசையாகத் தேய்த்து, வைரப் பசையில் மெருகேற்றி, கெல்லர் கரைசலில் சில விநாடிகள் தோய்த்துக் கழுவி, நுண்ணோக்கியின் கீழே வையுங்கள். வேதிப் பகுப்பாய்வுக்கு அனுப்பினால் இரண்டுக்கும் ஒரே எண்கள்தாம் வரும். கண்ணில் படுவது இரண்டு வேறு பொருட்கள்.

மணலில் உறைந்ததில் அலுமினியம் தடித்த கிளைகளாகப் படர்ந்திருக்கும். ஒரு கிளைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐம்பது, அறுபது மைக்ரான் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிகளில் சாம்பல் நிறச் சிலிக்கான், நீண்ட தகடுகளாக, நுனி கூர்மையாக, ஒன்றின் குறுக்கே ஒன்று கிடக்கும். இரும்பு அச்சில் உறைந்ததிலோ கிளைகள் மெலிந்து நெருங்கி நிற்கும். சிலிக்கான் தகடுகளும் சிறுத்துப்போயிருக்கும். கலவையில் எந்த மாற்றமும் இல்லை. வெப்பம் வெளியேறிய வேகம் மட்டும்தான் வேறு. உருகல் குளிரும்போது முதலில் அலுமினியம் படிகமாகிறது. கிளைவிட்டு வளரும் அந்தப் படிகத்துக்கு டென்ட்ரைட் என்று பெயர். தன்னால் ஏற்க முடியாத சிலிக்கானை எஞ்சிய உருகலுக்குள் தள்ளிக்கொண்டே அது வளர்கிறது. 577 டிகிரி செல்சியஸுக்கு வரும்போது எஞ்சிய உருகல் மொத்தமும் யூட்டெக்டிக் என்கிற கலவையாக உறைந்து முடிகிறது. உறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தின் கனமூலத்தை ஒட்டிக் கிளை இடைவெளி கூடும் என்பது வார்ப்பியலின் பழைய கணக்கு. எட்டு மடங்கு நேரம் எடுத்தால் இடைவெளி இரண்டு மடங்காகும்.

அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பின்னாளில் அந்த உலோகத்தை எவ்வளவு கடுமையாக நசுக்கினாலும் முறுக்கினாலும், அச்சுக்குள் கழிந்த அந்த நிமிடங்கள் அதற்குள்ளே எவ்வளவு தூரம் நீடிக்கின்றன என்பது எனக்கு வெறும் தொழில்நுட்பக் கேள்வியாகப் படவில்லை.

உலோகத்தை ஏன் நசுக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக எந்த உலோகமும் ஒரே படிகமாக இருப்பதில்லை; கோடிக்கணக்கான சிறு படிகமணிகள் எல்லையோடு எல்லை ஒட்டி நெருங்கியிருப்பதுதான் நாம் கையில் எடுக்கும் கம்பியும் தகடும். 1951இல் ஹால், 1953இல் பெட்ச், இருவரும் தனித்தனியே இரும்பிலும் எஃகிலும் ஒரே உறவைக் கண்டார்கள். மணி சிறுக்கச் சிறுக்க வலிமை கூடும். அந்தக் கூடுதல், மணியளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். மணியை நாலில் ஒன்றாகச் சிறுக்கினால், மணி எல்லைகள் தரும் வலிமை இரட்டிக்கும். கலவையில் விலையுயர்ந்த எதையும் சேர்க்காமல், எடையைக் கூட்டாமல் கிடைக்கும் வலிமை இது. வழக்கமான உருட்டலும் சூடுபடுத்தலும் அலுமினியத்தில் சில பத்து மைக்ரான் அளவுக்குக் கொண்டுவரும். அதற்கும் கீழே, ஒரு மைக்ரானுக்குள்ளே போக வேறு வழி தேவைப்பட்டது.

வழி காட்டியவர்களில் முதல்வர் ஹார்வர்டில் இருந்த பெர்சி பிரிட்ஜ்மன். மெல்லிய வட்டை இரண்டு கடினமான பட்டடைகளுக்கு இடையே பேரழுத்தத்தில் பிடித்துக்கொண்டு அதே நேரத்தில் முறுக்கும் சோதனைகளை அவர் 1935இல் எழுதினார். உயர் அழுத்த இயற்பியலுக்காக 1946இல் நோபல் பரிசு பெற்ற அவருடைய நாட்டம் படிகமணிகள் மீது இருக்கவில்லை. அழுத்தம் பொருளை என்ன செய்கிறது என்பதுதான் அவர் கேள்வி. 1970களில் மின்ஸ்க் நகரில் விளாதிமிர் செகால் இன்னொரு வழி கண்டார். ஒரே குறுக்களவுள்ள இரண்டு துளைகள் ஒரு கோணத்தில் சந்திக்கும் மூலை அச்சு அது. முறுக்கு அச்சில் மாவைப் பிழிந்தால் மெலிந்து வெளியே வரும், திரும்ப அதே வடிவில் உள்ளே போடவும் முடியாது. செகாலின் அச்சில் கம்பி மூலையில் வளைந்து திரும்பி, நுழைந்த அதே பருமனோடு வெளியே வருகிறது. அதனால் மறுபடி போடலாம், அதற்கும் மறுபடி போடலாம். கோணம் 90 டிகிரி என்றால் ஒரு தடவைக்குத் திரிபு, அதாவது உருமாற்றத்தின் அளவு, ஏறத்தாழ ஒன்று. எட்டுத் தடவை அழுத்தினால் எட்டு. சாதாரண உருட்டலில் இந்த அளவுக்குப் போனால் கட்டி காகிதமாகியிருக்கும். இங்கே கம்பி கம்பியாகவே இருக்கிறது. ரஷ்யாவின் உஃபா நகரில் ருஸ்லான் வலியேவ் 1980களின் பிற்பகுதியில், இப்படி ஒரு மைக்ரானுக்கும் குறைந்த மணிகளை உருவாக்க முடியும் என்று காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. தகட்டை உருட்டி, வெட்டி, அடுக்கி, மறுபடி உருட்டும் முறை 1990களின் இறுதியில் ஜப்பானில் ஒசாகாவிலிருந்து வந்தது. இவை அனைத்தையும் சேர்த்துக் கடும் உருத்திரிபு என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்தத் துறையின் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவரும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அச்சின் கோணம் எழுதப்பட்டிருக்கும். வெளிமூலையின் வளைவு, அழுத்தும் வேகம், வெப்பநிலை, ஒவ்வொரு தடவைக்கும் கம்பியை எத்தனை டிகிரி திருப்பினார்கள், பூசிய மசகு, எல்லாம் இருக்கும். மிகச் சரி, எல்லாமே வேண்டியவைதான். ஆனால் அந்தக் கம்பி எப்படிப் பிறந்தது என்பதற்கு அரை வரிதான் கிடைக்கும்: வார்த்த நிலையில் பெறப்பட்டது. அதோடு சரி. எந்த அச்சில் வார்த்தது, எவ்வளவு தடிமன், கட்டியின் ஓரத்திலிருந்து அறுத்ததா நடுவிலிருந்தா, எதுவும் இருக்காது. வார்ப்புக் கட்டியை அறிந்த எவருக்கும் தெரியும், ஓரமும் நடுவும் ஒன்றல்ல. அச்சுச் சுவரைத் தொட்ட இடத்தில் சட்டென்று குளிர்ந்த பொடி மணிகள்; அதற்கு உள்ளே சுவருக்குச் செங்குத்தாக நீண்டு வளர்ந்த தூண் மணிகள்; நடுவில் எல்லாப் பக்கமும் சம அளவுள்ள மணிகள். ஒரே கட்டியின் மூன்று இடங்களில் மூன்று மாதிரிகள் அறுத்தால் மூன்று ஆய்வுகள் செய்ததாகவே ஆகும். ஆய்வாளர் தான் செய்வது ஒன்றே என்று நம்பிக்கொண்டிருப்பார்.

மணலில் வார்த்த அந்த அலுமினிய-சிலிக்கான் கம்பியை அறை வெப்பநிலையில் செகாலின் அச்சுக்குள் அனுப்பினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி, மேலெல்லாம் மாலிப்டினம் டைசல்பைடு பூசிக் கறுத்திருக்கிறது. பிரெஸ் மெல்ல இறங்குகிறது. கம்பி மூலையைத் தாண்டி வெளியே எட்டிப்பார்க்கும்போது, அதன் மேல்முகத்தில் குறுக்குவாட்டில் வரிசையாக விரிசல்கள் விழுந்திருக்கக்கூடும். சில சமயம் துண்டுதுண்டாகவே வரும். அலுமினியம் வழுக்கி ஓடக்கூடியது, சிலிக்கான் நொறுங்கக்கூடியது. மூலையில் உலோகம் சறுக்கும்போது அலுமினியம் தன் சுமையை நீண்ட தகடுகளின் மேல் ஏற்றுகிறது. தகடு நடுவில் முறிகிறது. முறிந்த இரண்டு பாதிகளும் விலகினால் நடுவே வெற்றிடம். அருகருகே நெருங்கிக் கிடக்கும் தகடுகளின் வெற்றிடங்கள் கைகோத்தால் அதுதான் விரிசல். சூடாக்கி அழுத்தினால் ஓரளவு தப்பிக்கலாம். ஆனால் சூடு கூடினால் மணியும் பெருக்கும், செய்ய வந்த வேலை பாதியாகும்.

இதே உருகலில், ஊற்றுவதற்கு முன் நூற்றில் 0.02 பங்கு ஸ்ட்ரான்சியம் சேர்த்திருந்தால் கதை வேறு. சிலிக்கான் தகடாக வளராமல் கிளைத்த மெல்லிய நார்களாக உறைந்திருக்கும். மிகச் சிறு அளவு சோடியம் இதைச் செய்யும் என்று அலதார் பாட்ஸ் 1920இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நூறாண்டு கடந்தும் அந்தக் கண்டுபிடிப்பு என்னை வியக்கவைக்கிறது. பத்தாயிரத்தில் இரண்டு பங்கு சேர்க்கும் ஒரு பொருள், சில மாதங்கள் கழித்து வேறொரு ஊரில் ஒரு பிரெஸ்ஸுக்குள் கம்பி உடையுமா உடையாதா என்பதை முடிவு செய்கிறது.

உடையாமல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். நாலு தடவை அழுத்திய பின் மறுபடி மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம். சிலிக்கான் துண்டுகளாகியிருக்கிறது. ஆனால் துண்டுகள் எங்கும் பரவிவிடவில்லை. முன்பு கிளைகளுக்கு இடையில் எங்கிருந்தனவோ அந்த வட்டாரத்திலேயே, சறுக்கிய திசையில் சாய்ந்து, பட்டை பட்டையாகக் கூடிக் கிடக்கின்றன. பட்டைகளுக்கு நடுவே, பழைய டென்ட்ரைட்டின் உடல் துகளே இல்லாமல் வெறுமையாக நீண்டு கிடக்கிறது. புது மணிகளும் இதே வரைபடத்தைத்தான் பின்பற்றுகின்றன. கடினமான துகளைச் சுற்றி அலுமினியம் நேராக வழுக்க முடியாது, வளைந்தாக வேண்டும். வளையும் இடத்தில் படிகத்தின் ஒழுங்கு குலைந்து, டிஸ்லொகேஷன்கள் எனப்படும் கோட்டுப் பிழைகள் குவிகின்றன. குவிந்தவை சுவர்களாக அடுக்கப்பட்டு, சுவரின் இருபுறமும் படிகத்தின் திசை சிறுகச் சிறுக விலகி, ஒரு கட்டத்தில் இரண்டு தனி மணிகளாகிவிடுகின்றன. இது துகள்களின் அருகே முதலில் நடக்கிறது. டென்ட்ரைட்டின் நடுவிலோ வழுக்கத் தடையில்லை. அங்கே பெரிய அறைகள்தாம் உருவாகின்றன, அவற்றின் சுவர்களும் மெலிந்த சுவர்கள். ஒரே கம்பியில், ஒரே திரிபில், இருபது மைக்ரான் தள்ளி இரண்டு வேறு உலகங்கள்.

இரும்பு அச்சில் வார்த்திருந்தால் கிளைகள் நெருங்கியிருக்கும், எந்தப் புள்ளியும் ஏதாவது ஒரு துகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதனால் அதே நாலு தடவையில் மணி எங்கும் ஒரே சீராகச் சிறுக்கும். துகள்கள் இப்படி வேகம் கூட்டுவதை மான்செஸ்டரில் பிராங்னெல் குழு 2003இல் அளந்து காட்டியது. பெருந்துகள்கள் உள்ள அலுமினியக் கலவை, துகள் இல்லாத கலவைக்குத் தேவைப்பட்டதில் ஏறக்குறையப் பாதித் திரிபிலேயே ஒரு மைக்ரானுக்குக் கீழே போய்விட்டது. துகள் வேண்டும், ஆனால் அது தகடாக இருக்கக் கூடாது, ஒரே இடத்தில் குவிந்தும் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் முடிவு செய்வது பிரெஸ் அல்ல, வார்ப்பு அச்சு.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு, வலுவானது. போதிய திரிபு கொடுத்தால் பிறப்பு அழிந்துவிடும் என்கிறது அது. தூய உலோகங்களில் இது உண்மையும்கூட. 99.99 சதவீதத் தூய அலுமினியத்தைச் செகாலின் அச்சில் பல தடவை அழுத்தினால் மணியளவு 1.3 மைக்ரான் அருகே வந்து நின்றுவிடும். தொடக்கத்தில் மணி ஒரு மில்லிமீட்டராக இருந்தாலும் அரை மில்லிமீட்டராக இருந்தாலும் கடைசியில் போய்ச் சேருமிடம் ஒன்றே. புது எல்லைகள் பிறக்கும் வேகமும் பழையவை நகர்ந்து ஒன்றோடொன்று கலந்து மறையும் வேகமும் அங்கே சமமாகிவிடுகின்றன. உருகுநிலை, வெப்பநிலை, கரைந்திருக்கும் அந்நிய அணுக்கள், இவைதாம் அந்த இறுதி அளவைத் தீர்மானிக்கின்றன. மூன்று சதவீதம் மெக்னீசியம் கரைந்த அலுமினியத்தில் அதே முறை 0.3 மைக்ரானுக்கும் கீழே போகிறது.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘போதிய’ என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பிரிட்ஜ்மன் வழியில் முறுக்கும் வட்டை எடுத்துக்கொள்வோம். விட்டம் 10 மில்லிமீட்டர், தடிமன் 0.8, ஐந்து முழுச் சுற்று. விளிம்பில் சறுக்குத் திரிபு 200ஐ நெருங்கும். அரை மில்லிமீட்டர் மணி வெறுமனே தட்டையாகி மெலிவதாக வைத்தால் அங்கே 2.5 மைக்ரான் தடிமனுக்கு வரும். மிச்சத்தை மணி உள்ளுக்குள்ளே பிளந்து தானே செய்துகொள்ளும். மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் தொலைவில் அதே கணக்கு 25 மைக்ரான் தருகிறது. சரியாக மையத்தில், கோட்பாட்டின்படி, திரிபு பூஜ்யம். நடைமுறையில் சுற்றுகள் கூடும்போது மையமும் மாறிவிடுகிறது என்றாலும், கடைசியாக மாறுவது அதுதான். ஆய்வுக்கூடத்துச் சிறு வட்டில் ஐந்து சுற்று முறுக்கலாம். கார் சக்கரத்துக்கோ பம்பு இம்பெல்லருக்கோ வேண்டிய அளவுள்ள கட்டியை யார் அப்படி முறுக்குவார்கள்? தொழிற்சாலையில் ஒவ்வொரு கூடுதல் தடவையும் மின்சாரம், நேரம், அச்சுத் தேய்மானம். நல்ல வார்ப்பு நாலு தடவையில் முடிப்பதை மோசமான வார்ப்பு எட்டுத் தடவையிலும் முடிக்காவிட்டால், பிறப்பு அழிந்துவிடும் என்ற வாதம் ஏட்டளவில்தான் நிற்கும்.

மெக்னீசியத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அதன் அறுகோணப் படிகம் ஒரே ஒரு தளத்தில்தான் எளிதாக வழுக்கும். ஆகவே சாதாரணமாக 200 டிகிரிக்கும் மேலே சூடாக்கித்தான் அழுத்துகிறார்கள். பெரிய மணிகளோடு அச்சுக்குள் போகும் மெக்னீசியம் ஒரு விசித்திரம் செய்கிறது. புது மணிகள் பழைய மணிகளின் எல்லையை ஒட்டி மட்டுமே, ஒரு சரமாகப் பிறக்கின்றன. நடுப்பகுதி பழையபடியே இருக்கிறது. தடவைகள் கூடினாலும் இந்த இரட்டை நிலை எளிதில் விலகுவதில்லை. தொடக்க மணி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால், எல்லையில் பிறக்கும் சரங்களே மொத்த மணியையும் நிரப்பிவிடும். முதல் தடவையிலேயே சீரான பொடி மணிகள் கிடைக்கும். ஃபிகெய்ரெடோவும் லாங்டனும் 2010 வாக்கில் இதை ஒரு மாதிரியாகவே வகுத்துச் சொன்னார்கள். நடைமுறையில் அதற்கு முன்பே ஜப்பானியர்கள் வழி கண்டிருந்தார்கள். ஒன்பது சதவீதம் அலுமினியம் கலந்த மெக்னீசிய வார்ப்பில் மணி சுமார் 50 மைக்ரான். அதை நேரே மூலை அச்சுக்குள் அனுப்பாமல், முதலில் வழக்கமான எக்ஸ்ட்ரூஷன் செய்து 12 மைக்ரானுக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் மூலை அச்சு. முடிவில் 0.7 மைக்ரான். அந்த உலோகம் சூட்டில் இழுத்தபோது எட்டு மடங்குக்கும் மேலே நீண்டது. கடுமை காட்டுவதற்கு முன் அந்த வார்ப்பை ஒரு படி பக்குவப்படுத்தினார்கள், அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

பிறப்புதான் முடிவு செய்கிறது என்று ஒரு வாக்கியத்தை நம் நாட்டில் எழுதும்போது கை கூச வேண்டும். அந்த வாக்கியத்தை வைத்து இங்கே மனிதர்களுக்குச் செய்யப்பட்டதும் செய்யப்படுவதும் போதும். உலோகத்தை அதற்குச் சான்றாக இழுக்க யாராவது முயன்றால், உலோகமே மறுக்கிறது. ஒரே லேடிலிலிருந்து வந்த இரண்டு வார்ப்புகளிலும் இருந்தது ஒரே பொருள். வேறுபட்டது அவற்றின் இயல்பு அல்ல, அவை ஊற்றப்பட்ட இடம். இரும்பில் விழுந்ததும் மணலில் விழுந்ததும் அவற்றின் தேர்வு அல்ல. பழுதும் நிரந்தரம் அல்ல. டென்ட்ரைட்டின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே கரைபொருளில் உள்ள ஏற்றத்தாழ்வை, உருகுநிலைக்குச் சற்றுக் கீழே பல மணி நேரம் வைத்துச் சமன் செய்யலாம். அதற்கு எடுக்கும் நேரம் கிளை இடைவெளியின் வர்க்கத்தில் ஏறும். இரண்டு மடங்கு இடைவெளிக்கு நாலு மடங்கு நேரம். மெதுவாக உறைந்ததற்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும், கொடுத்தால் போதும். கவனித்து ஈடு செய்ய வேண்டிய பொறுப்பு, ஊற்றியவர்களுடையது.

ஈடு செய்ய முடியாதவையும் சில உண்டு. இரும்பு ஒன்று. திண்ம அலுமினியத்தில் இரும்பு அதிகபட்சம் 0.05 சதவீதம்தான் கரையும். பழைய அலுமினியத்தை உருக்கும்போது இரும்பு கூடிக்கொண்டே போகும். சிலிக்கானோடு சேர்ந்து ஊசி ஊசியான தகடுகளாக உறையும். எத்தனை மணி நேரம் சூட்டில் வைத்தாலும் அவை கரைவதில்லை. மாங்கனீஸ் சேர்த்து அவற்றின் வடிவத்தை மாற்றலாம். வேகமாகக் குளிரவைத்து அளவைக் குறைக்கலாம். இரண்டுமே வார்ப்பின்போது செய்ய வேண்டியவை. அதற்குப் பிறகு மிஞ்சுவது இயந்திர வழிதான். 1991இல் இங்கிலாந்தின் வெல்டிங் இன்ஸ்டிடியூட் கண்டுபிடித்த உராய்வுக் கலக்கல் பற்றவைப்பை, பற்றவைக்காமல் பரப்பைக் கலக்க மட்டும் பயன்படுத்தினால், சுழலும் முனை போன தடத்தில் ஊசிகள் பொடிந்து, சிலிக்கான் பரவி, நுண்துளைகளும் மூடிக்கொள்கின்றன. வார்ப்பின் வரைபடத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் துடைக்கும் முறை நானறிந்து இது ஒன்றுதான். அதுவும் முனை பட்ட இடத்தில் மட்டும்.

வார்ப்பின் வரைபடம் அழியாமல் நிற்பது எப்போதும் கேடு என்றும் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் மூசையில் உருக்கு எஃகு செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து போன அத்தகைய எஃகுக் கட்டிகள் மேற்காசியாவில் வாளாக அடிக்கப்பட்டபோது, வாளின் முகத்தில் நீரோட்டம் போன்ற வரிகள் எழுந்தன. அந்த வரிகள் கொல்லன் வரைந்தவை அல்ல. அமெரிக்காவில் அயோவாவின் வெர்ஹோவனும் கொல்லர் பெண்ட்ரேயும் 1990களில் மறுபடி அந்த வாள்களைச் செய்து பார்த்துச் சொன்ன விளக்கம் இது: மூசையில் மெல்ல உறையும்போது, தாதுவோடு வந்த மிகச் சிறிதளவு வனேடியம் போன்ற தனிமங்கள் டென்ட்ரைட் கிளைகளுக்கு இடையே ஒதுங்குகின்றன. சம்மட்டி அந்த இடைவெளிகளைத் தட்டித் தட்டித் தளங்களாக்குகிறது. சூடாக்கி ஆறவைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் கார்பைடு மணிகள் அந்தத் தளங்களிலேயே கூடுகின்றன. கட்டி எத்தனையோ மடங்கு மெலிந்த பிறகும், மூசைக்குள் உறைந்த ஒழுங்குதான் வாளின் முகத்தில் வரியாகத் தெரிகிறது. ஸ்டான்ஃபோர்டில் ஷெர்பியும் வாட்ஸ்வொர்த்தும் 1970களில், கரி மிகுந்த எஃகில் மணியை நுணுக்கி அதை மிகை நெகிழ்வுள்ளதாக்கும் ஆய்வில் இறங்கியிருந்தார்கள்; தாங்கள் எடுத்துக்கொண்ட கரியளவு இந்தப் பழைய வாள்களின் கரியளவோடு ஒத்துப்போவதைப் பின்னர்தான் அறிந்தார்கள். மூசையின் பக்கத்தில் நின்று எப்போது ஆறவிடுவது என்று முடிவெடுத்தவரின் பெயர் எங்கும் இல்லை. வாளுக்கு டமாஸ்கஸ் என்று பெயர்.

அந்தப் பெயரின்மை இன்றும் தொடர்கிறது என்பதுதான் என் வருத்தம். பவுண்டரியில் லேடிலைச் சாய்ப்பவரின் மணிக்கட்டில் ஓர் அளவு இருக்கிறது. பர்மிங்ஹாமின் ஜான் கேம்ப்பெல் தன் வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய அளவு அது: உருகிய அலுமினியம் அச்சுக்குள் விநாடிக்கு அரை மீட்டருக்கு மேல் வேகமாகப் பாயக் கூடாது. பாய்ந்தால் அதன் மேலே எப்போதும் படர்ந்திருக்கும் ஆக்சைடுப் படலம் மடிந்து உள்ளே போய்விடும். மடிந்த படலத்தின் இரு முகங்களும் ஒட்டுவதில்லை. உறைந்த உலோகத்துக்குள் அது ஏற்கெனவே இருக்கும் விரிசல். மெருகேற்றிய பரப்பில் ஒரு மெல்லிய கோடாக, பெரும்பாலும் கண்ணுக்கே படாமல் கிடக்கும். கடும் உருத்திரிபு அதைக் கிழித்துத் துண்டாக்கலாம், ஆக்சைடை அலுமினியமாக மாற்ற முடியாது. மூன்றாவது தடவையில் ஏன் என்றே தெரியாமல் உடைந்த கம்பியின் காரணம், ஊற்றிய அந்தப் பத்து விநாடியில் இருக்கக்கூடும். ஆய்வுக் கட்டுரையில் அது ‘மாதிரி தோல்வியடைந்தது’ என்று ஒரு வரியாகும். பல சமயம் அந்த வரியும் இராது.

ஸ்காண்டியம் கலந்த அலுமினியத்தின் கதையும் இதையே சொல்கிறது. மூன்று சதவீதம் மெக்னீசியமும் 0.2 சதவீதம் ஸ்காண்டியமும் சேர்ந்த கலவையை மூலை அச்சில் அழுத்திச் சூட்டில் இழுத்தபோது 2280 சதவீதம் நீண்டதாக 2001இல் ஜப்பானில் பதிவானது. ஒரு சென்டிமீட்டர் இருபத்துமூன்று சென்டிமீட்டருக்கும் மேலாகிறது. சூட்டிலும் மணிகள் பெருக்காமல் பிடித்துவைத்தவை, சில நானோமீட்டர் அளவுள்ள ஸ்காண்டியத் துகள்கள். அவ்வளவு நுண்ணிய துகள்கள் கிடைக்க வேண்டுமானால் ஸ்காண்டியம் முதலில் அலுமினியத்தில் கரைந்திருக்க வேண்டும். மெதுவாக ஆறிய கட்டியில் அது முன்கூட்டியே பெருந்துகள்களாகப் பிரிந்து வீணாகிவிடும். உலகின் விலையுயர்ந்த உலோகங்களில் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, அச்சு ஆறும் வேகத்தைக் கவனிக்காமல் விட்டால் போட்ட பணம் கட்டிக்குள் உறைந்து கிடக்கும்.

நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் இன்று இந்த மூலை அச்சு இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு இந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வகங்களிடம் இருக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிகள் அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் அந்த ஆய்வகங்கள் பலவற்றுக்கு இல்லாத ஒன்று கோயம்புத்தூரைச் சுற்றி இருக்கிறது: பேருந்தில் போய் இறங்கி, பக்கத்தில் நின்று பார்த்து, இந்தத் தடிமனில் ஊற்றிக் கொடுங்கள் என்று கேட்கக்கூடிய பவுண்டரிகள். மணல், இரும்பு, மெல்லியது, தடித்தது, ஸ்ட்ரான்சியம் போட்டது, போடாதது என்று ஒரே உருகலிலிருந்து வரிசையாக வார்த்து, ஒரே அச்சில் ஒரே விதமாக அழுத்தி ஒப்பிடும் ஆய்வு இங்கிருந்துதான் சுலபமாக வரமுடியும்.

அவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கட்டுரையில் ‘வார்த்த நிலையில் பெறப்பட்டது’ என்று எழுதி நகர்ந்துவிடாதீர்கள். எந்த அச்சு, எந்தச் சூட்டில் ஊற்றியது, கட்டியின் எந்த இடத்திலிருந்து மாதிரி அறுக்கப்பட்டது, கிளை இடைவெளி எத்தனை மைக்ரான், என்ன சேர்க்கப்பட்டது, எத்தனை மணி நேரம் சூட்டில் வைத்துச் சமன் செய்யப்பட்டது, இவ்வளவையும் எழுதுங்கள். ஒரு பத்திதான் ஆகும். ஊற்றிக் கொடுத்தவரின் பெயரையும் நன்றியுரையில், அவர் சம்மதத்தோடு, சேர்த்துவிடுங்கள்.